ஜேன் ஆஸ்டின் மோதிரம்: காசு கொடுத்து வாங்கியவர் ஏன் ஊருக்கு எடுத்துட்டுப் போக முடியல?

பிடித்த எழுத்தாளரின் பேனா, மூக்குக்கண்ணாடி, கைப்பட எழுதிய கடிதம்... இதில் ஏதாவது ஒன்று நம்மிடம் இருந்தால் எப்படி இருக்கும்? வாசகர்கள் பலருக்கும் உள்ள ஆசை இது. அமெரிக்கப் பாடகி கெல்லி கிளார்க்சனுக்கும் இருந்தது. ஏலத்தில் வாங்கியும் விட்டார். ஆனால் அந்தப் பொருள் நாட்டைவிட்டுப் போக பிரிட்டன் அரசு விடவில்லை.

அது என்ன மோதிரம்?

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை எழுதிய ஜேன் ஆஸ்டின், 1817-ல் தனது 41-வது வயதில் இறந்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய மோதிரம் அக்கா கசாண்ட்ராவிடம் போனது. அண்ணன் ஹென்றிக்கு நிச்சயமானபோது, அண்ணியாக வரவிருந்த எலினருக்கு கசாண்ட்ரா அதைக் கொடுத்தார். எலினர் 1863-ல் அதை இன்னொரு அண்ணனின் மகள் கரோலினுக்குக் கொடுத்தார். அப்புறம் பல தலைமுறைகள் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது.

2012 ஜூலையில் லண்டன் சோத்பிஸ் நிறுவனத்தில் மோதிரம் ஏலத்துக்கு வந்தது. 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் பவுண்டு வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனதோ 1,52,450 பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 1.3 கோடி ரூபாய்!

ஏன் இவ்வளவு விலை?

பார்க்க ஆடம்பரமான மோதிரம் இல்லை. தங்க வளையம், நடுவில் நீலப்பச்சை நிற டர்க்காய்ஸ் கல். அவ்வளவுதான். மதிப்பைக் கூட்டியது அதோடு இருந்த ஒரு சின்னக் காகிதம். இது உன் அத்தை ஜேனுடைய மோதிரம், எனக்கு இப்படி வந்தது, இனி உனக்கு என்று 1863-ல் எலினர் கைப்பட எழுதிய குறிப்பு அது.

ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற இந்த வரலாற்றை ஏலத் தொழிலில் 'ப்ராவனன்ஸ்' என்பார்கள். அது இல்லையென்றால் இது வெறும் பழைய மோதிரம்தான்.

அமெரிக்க எழுத்தாளர் கார்மக் மெக்கார்த்தி 50 டாலருக்கு வாங்கிய பழைய டைப்ரைட்டர், 2009-ல் 2,54,500 டாலருக்கு ஏலம் போனது. அதில்தான் தனது நாவல்களை அடித்ததாக அவரே கடிதம் எழுதித் தந்திருந்தார். 2022-ல் ஜோன் டிடியனின் கூலிங் கிளாஸ் 27,000 டாலருக்கும், ஒரு எழுத்துகூட எழுதாத அவருடைய நோட்டுகள் 11,000 டாலருக்கும் விற்றன.

தடை எப்படி வந்துச்சு?

பிரிட்டனில் 50 ஆண்டுகளுக்கு மேல் பழமையான, குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டிய கலாசாரப் பொருளை வெளிநாடு கொண்டுபோக உரிமம் வேண்டும். நாட்டின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புள்ள பொருள் என்றால், உரிமத்தைச் சில மாதங்கள் நிறுத்திவைக்கலாம். அதற்குள் உள்நாட்டில் யாராவது அதே விலையைத் தர முன்வரணும். அப்படி யாரும் வராவிட்டால் பொதுவாக உரிமம் கிடைத்துவிடும். அரசு பொருளைப் பிடுங்கிக்கொள்வதில்லை, அவகாசம் மட்டுமே வாங்கித் தருகிறது.

2013 ஆகஸ்டில் மோதிரத்துக்கு இந்தத் தற்காலிகத் தடை வந்தது. ஹாம்ப்ஷயரின் சாட்டன் கிராமத்தில், ஆஸ்டின் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர்கள் நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் மட்டும் 1 லட்சம் பவுண்டு கொடுத்தார். மீதியை ரசிகர்கள் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே முழுத் தொகை சேர்ந்துவிட, கிளார்க்சனும் விற்கச் சம்மதித்தார். 2014 முதல் மோதிரம் சாட்டனில் இருக்கிறது. கிளார்க்சனிடம் இருப்பது அதன் நகல்!

கடிதம் கையில இருந்தா, எழுத்தும் சொந்தமா?

இல்லை. எழுத்தாளரின் கடிதத்தை நீங்கள் வைத்திருக்கலாம், விற்கலாம். ஆனால் அதில் உள்ள வாசகங்களைப் புத்தகமாக வெளியிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த பிறகும் பொதுவாக 60 ஆண்டுகள் இந்தக் காப்புரிமை நீடிக்கும். இறந்த பிறகே முதன்முறையாக வெளியானால், வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

இந்தியாவில் வெளிநாடு கொண்டுபோகலாமா?

இங்கே விதி இன்னும் கடுமை. 1972-ம் ஆண்டு தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகள் தாண்டிய பொருட்கள் தொல்பொருட்கள். இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி என்றால் 75 ஆண்டுகளே போதும். இவற்றைத் தனிநபர் ஏற்றுமதி செய்யவே முடியாது. 1921-ல் மறைந்த பாரதியார் கைப்பட எழுதிய கடிதம் யாரிடமாவது இருந்தால், அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

வீட்ல இப்படி ஒரு பொருள் இருந்தா?

* யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எதற்காக என்று இப்போதே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பொருளோடு வையுங்கள்.

* அந்த எழுத்தாளரோடு எடுத்த போட்டோ, கடித உறை, கையெழுத்திட்ட புத்தகம் இருந்தால் சேர்த்தே வையுங்கள். உறையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கும்.

* கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். காகிதம் கெட்டுவிடும். வெயில் படாத, ஈரமில்லாத இடம் போதும்.

* விபரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பிறகு அது யாருடைய பேனா என்று சொல்ல ஆள் இருக்காது.

எலினர் செய்தது இதைத்தான். அவர் எழுதிய அந்தச் சில வரிகள் இல்லையென்றால், சாட்டனில் இன்று பார்க்க ஒரு மோதிரம் இருந்திருக்காது.