ஜெர்மானிய அலங்காரத் துப்பாக்கி முனைக் கத்திகள்

1930களில் ஜெர்மன் படைவீரர்கள் ஓய்வு நேரத்தில் வெளியே செல்லும்போது இடுப்பில் அணிந்த அலங்காரத் துப்பாக்கி முனைக் கத்திகளை இன்று பழம்பொருள் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். இவை போருக்கானவை அல்ல. பூச்சுப் பூசிப் பளபளக்கும் அலகு கூர் தீட்டப்படாதது. பலவற்றைத் துப்பாக்கியில் பொருத்தவே முடியாது. வீரர்கள் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொண்டவை இவை. கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சோலிங்கன் நகரில் கார்ல் ஐக்ஹார்ன் போன்ற நிறுவனங்கள் தயாரித்தன.

சிலவற்றின் அலகில் 'என் படைப்பணிக் காலத்தின் நினைவாக' என்று பொருள்படும் ஜெர்மன் வாசகம் இருக்கும். 1936 முதல் கட்டாயப் படைப்பணி இரண்டு ஆண்டு. அதை முடித்து வீடு திரும்பும் எண்ணத்தில் பொறித்த சொற்கள். 1939இல் போர் மூண்டது. பலருக்கு அந்தப் பணி முடியவே இல்லை.

தோல்விக்குப் பின் நேச நாட்டு வீரர்கள் இவற்றை நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றனர். வாசகம் உள்ளவற்றுக்கே விலை அதிகம். அதனால் வெற்று அலகில் புதிதாக எழுத்துப் பொறித்து விற்போரும் உண்டு.