உல்லாசக் கப்பலில் சொந்தப் பொதியைத் தாமே கொண்டு செல்லுதல்

உல்லாசக் கப்பல் பயணிகள் தம் பெட்டிகளைத் துறைமுகச் சுமைப் பணியாளர்களிடம் ஒப்படைக்காமல் தாமே கப்பலுக்குள் எடுத்துச் செல்வதையும், பயணம் முடிந்ததும் தாமே கரைக்கு இறக்கிச் செல்வதையும் இது குறிக்கும். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் இரண்டையும் அனுமதிக்கின்றன. ஏறும்போது பெட்டியை ஒப்படைத்துவிட்டு, இறங்கும்போது மட்டும் தாமே தூக்கிச் செல்பவர்களும் உண்டு.

வரலாறு

நீராவிக் கப்பல் காலத்தில் கண்டம் விட்டுக் கண்டம் போனவர்கள் பல மாதங்களுக்கு வேண்டிய உடைமைகளைப் பெரிய டிரங்குப் பெட்டிகளில் எடுத்துச் சென்றார்கள். வழியில் தேவைப்படுபவை, தேவைப்படாதவை என்று பெட்டிகளில் சீட்டு ஒட்டப்பட்டது. தேவைப்படாதவை கப்பலின் அடித்தளச் சரக்கறைக்குப் போயின. அறையில் வைத்துக்கொள்ள, படுக்கைக்கு அடியில் நுழையும்படி உயரம் குறைந்த கேபின் டிரங்குகள் வந்தன. 1858இல் பாரிஸின் லூயி வுய்ட்டோன் தட்டை மூடி கொண்ட டிரங்கை அறிமுகப்படுத்தினார். வளைந்த மூடிப் பெட்டிகளைப் போலன்றி, இவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க முடிந்தது.

1958இல் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் விமான சேவை தொடங்கியபின் பயணிகள் விமானத்துக்கு மாறினார்கள். கப்பல்கள் விடுமுறைக்கானவை ஆயின. ராயல் கரீபியன் 1968இலும், கார்னிவல் 1972இலும் நிறுவப்பட்டன. பயணம் சில நாட்களாகச் சுருங்கியது. பெட்டிக்குச் சக்கரம் வந்தது. தன் பெட்டியைத் தானே இழுத்துச் செல்வது அதன்பிறகுதான் எளிதாயிற்று.

ஒப்படைத்த பெட்டியின் பாதை

பயணச்சீட்டுடன் வரும், பெட்டியில் கட்ட வேண்டிய டேக்கில் பயணியின் பெயர், கப்பலின் பெயர், புறப்படும் நாள், தளம், கேபின் எண் ஆகியவை இருக்கும். மயாமி போன்ற அமெரிக்கத் துறைமுகங்களில் முனையத்தின் வாசலிலேயே சுமைப் பணியாளர்கள் பெட்டியை வாங்கிக்கொள்கிறார்கள். பெட்டிக்கு ஓரிரு டாலர் அன்பளிப்பு தருவது வழக்கம். எக்ஸ்ரே சோதனைக்குப் பின் பெட்டிகள் இரும்புக் கூண்டு வண்டிகளில் அடுக்கப்படும். ஃபோர்க்லிஃப்ட் அவற்றைக் கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள கதவு வழியாக ஏற்றும். ஊழியர்கள் அங்கிருந்து தளவாரியாகப் பிரித்து ஒவ்வொரு கேபின் வாசலிலும் வைப்பார்கள்.

2024இல் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள் செல்லலாம். இவ்வளவு பேரின் பெட்டிகளும் ஒரே பிற்பகலில் ஏறுவதால், நண்பகலில் ஏறிய பயணியின் பெட்டி இரவு உணவு நேரம் வரைகூட வராமல் இருக்கலாம்.

தாமே எடுத்துச் செல்லும்போது

கையில் எடுத்துச் செல்லும் பெட்டி முனையத்தின் எக்ஸ்ரே கருவிக்குள் நுழைய வேண்டும். பெரிய சூட்கேஸ்களை ஒப்படைக்கச் சொல்வார்கள். அறைகள் தயாராகப் பெரும்பாலும் பிற்பகல் 1 மணிக்கு மேல் ஆகிவிடும். அதற்கு முன் ஏறியவர் பெட்டியுடனேயே சாய்வான ஏறுபாலத்தைக் கடந்து, நெரிசலான உணவுக்கூடத்தில் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க நேரும். மறுபுறம், பெட்டி தாமதமாகும் என்ற கவலை இல்லை. வேறு அறைக்குப் போய்விடும் வாய்ப்பும் இல்லை.

பெட்டியை ஒப்படைப்பவரும் கையில் ஒரு சிறு பை வைத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, பயண ஆவணங்கள், அன்றாட மருந்துகள், மூக்குக்கண்ணாடி, பணம், நகை, கைபேசி சார்ஜர், ஒரு மாற்றுடை ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்தவர் சோதனை மேசையில் நிறுத்தப்படுவார். கூண்டு வண்டிக்குள் போன பெட்டியைத் தேடி எடுப்பது எளிதல்ல.

தடை செய்யப்பட்ட பொருட்கள்

எந்த வழியில் ஏற்றினாலும் விதி ஒன்றே. இஸ்திரிப் பெட்டி, மின் கெட்டில், மின் அடுப்பு, மெழுகுவத்தி, ஊதுபத்தி ஆகியவற்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. நடுக்கடலில் தீயை விடப் பெரிய ஆபத்து அரிது. பல கப்பல்களில் மின்சுற்றின் புவி இணைப்பு வீட்டில் இருப்பதைப் போன்றதல்ல. அதனால் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் வீட்டு உபயோக சர்ஜ் புரொடெக்டர் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தடைப் பொருள் இருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டி அறைக்கு வராது. பயணி பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்த் திறந்து காட்ட வேண்டும்.

இறங்கும்போது

வழக்கமான முறையில், கடைசி நாளுக்கு முந்தைய இரவு பெட்டிகளைப் பூட்டி, எண்ணோ நிறமோ குறித்த டேக் கட்டி, கேபின் வாசலில் வைக்க வேண்டும். காலையில் அவை முனையக் கூடத்தில் எண்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். மறுநாள் உடுத்த வேண்டிய உடையையும் காலையில் போட வேண்டிய மருந்தையும் சேர்த்துக் கட்டிவிடுவது இங்கே அடிக்கடி நேரும் தவறு.

தாமே இறங்குபவர்கள் பெட்டிகளை அறையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். துறைமுக அதிகாரிகள் அனுமதி தந்ததும் முதலில் வெளியேறுபவர்கள் இவர்களே. ஊழியர் உதவியின்றி எல்லாப் பெட்டிகளையும் ஒரே நடையில் கொண்டுபோக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நேரத்தில் லிஃப்ட் கிடைப்பது அரிது. படியில் இறங்க நேரலாம். குடிவரவு, சுங்கச் சோதனைகளில் விலக்கும் கிடையாது. முற்பகலில் விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு இம்முறை மிகவும் பயன்படும்.



 

எவருக்கு ஏற்றது

குறைந்த பொதியுடன் வருபவர்களுக்கும் அவசரமாகக் கரையேற வேண்டியவர்களுக்கும் பெட்டியைத் தாமே கொண்டு செல்லும் முறை ஏற்றது. முதியோர், கைக்குழந்தையுடன் வருபவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் பெட்டியை ஒப்படைப்பதே நல்லது. ஆவணங்களையும் மருந்துகளையும் மட்டும் எவரும் எந்நிலையிலும் கையை விட்டு அனுப்பக் கூடாது.