தோட்டத்துத் தந்தையும் மைந்தனும்

தந்தைக்கும் மகனுக்கும் எழும் பிணக்கு ஒரு வீட்டின் செய்தி மட்டுமன்று. சில வேளைகளில் அது ஒரு சமுதாயத்தின் வரலாறாகவும் அமைந்துவிடுகிறது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட முதல் நாவல் இதற்குச் சான்று. இக்போ குலத்து ஒக்கொங்வோ, கடனாளியாய் மாண்ட தன் தந்தையைப் போல் ஆகிவிடலாகாது என்னும் அச்சத்தால் கல்நெஞ்சனாகிறான். தன்னைத் 'தந்தையே' என்றழைத்து, தன் வீட்டில் வளர்ந்த சிறுவனையே, கோழையெனப் பிறர் எண்ணுவரோ என்றஞ்சி வெட்டுகிறான். அன்றே அவன் மகன் நுவோயேயின் நெஞ்சு தந்தையை விட்டு விலகத் தொடங்குகிறது. பின்னர் அவன் வெள்ளைப் பாதிரிமாரிடம் சேர்கிறான்.

இக்கதை நமக்கு அயலானதன்று. சுங்காய் போன்ற பேராக் ஊர்களைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களையும், பிற மாநிலத் தோட்டங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற்காலைப் பெரட்டிலே தமிழன் கங்காணிக்கு அஞ்சி நின்றான். துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியை விட்டு இறங்கினான். பகலெல்லாம் குனிந்த தலை, இரவில் கள்ளின் துணையோடு வீட்டில் நிமிர்ந்தது. மனைவி மக்கள் மீது ஓங்கிய கையையே ஆண்மை எனக் கருதியோர் பலர்.

அடுத்த தலைமுறை இதனை ஏற்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு மேலும் இரண்டு கோரிக்கைகளை முன்வைத்தனர். ஒன்று, துரைமார் முன் மிதிவண்டியில் செல்லும் உரிமை. மற்றொன்று, கள்ளுக்கடைகளை மூடுதல். தந்தையர் தலைகுனிந்த இரண்டு இடங்களையே அவர்கள் சுட்டிக்காட்டினர் எனலாம். 1943இல் நேதாஜி தலைமையேற்றபின், தோட்டத்து இளைஞர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து நிமிர்ந்து நடக்கக் கற்றனர்.

போருக்குப்பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. அங்கே தடுக்கப்பட்டோர் பகைவரல்லர்; சொந்த லயத்துப் பெரியோர். குடித்தோரை வன்மையால் அடக்கியதும் உண்டு. தந்தையின் முரட்டுத்தனத்தை எதிர்த்த மைந்தர், அதே முரட்டுத்தனத்தைத் தாமும் கைக்கொண்டனர். தந்தையை வெறுத்தே தந்தையினும் கொடியவனான ஒக்கொங்வோவின் நிழல் இங்கும் படிகிறது. 1947இல் பெடோங்கில் காவல் துறையினரோடு நேர்ந்த மோதலுக்குப்பின் அப்படை ஒடுக்கப்பட்டது.

எனினும், தந்தையரை மட்டும் பழித்தல் முறையன்று. அவர்களை முதலில் குனிய வைத்தது தோட்ட ஆட்சி. கள்ளுக்கடைக்குத் தோட்டத்திலேயே இடமளித்ததும் அதுவே.

இன்று சுங்காய்ச் சுற்றுப்புறத்தில் பால்மரங்கள் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. அந்த லயங்களின் வரலாற்றை அறியாது வளரும் மாணவர், அச்செபேயின் நாவலைப் பயிலும்போது தம் பாட்டனாரையும் நினைத்தல் வேண்டும். மகனைக் கற்றோர் நடுவே முதன்மை பெறச் செய்வதே தந்தையின் கடன் என்பது வள்ளுவர் கருத்து. கூலி குறைந்தாலும் குறையட்டும் எனத் தம் மகனை மரம் வெட்ட அழைக்காமல் தோட்டப் பள்ளிக்கு அனுப்பிய எளிய தந்தையரும் நம்மிடையே வாழ்ந்தனர். அச்சத்தில் பிறவாத ஆண்மை அவர்களுடையதே.