வயித்துக்குள்ள போட்ட தையலின் கதை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுன்னு எங்க ஊக்குநர் அக்கா கேட்டாங்க. கறவை மாடு வாங்கினது, ஊறுகாய் போட்டு வித்தது எல்லாம் மத்தவங்க எழுதுவாங்க, நான் ஒரு சரித்திரம் எழுதுறேன்னு சொன்னேன். ராஜா ராணி சரித்திரம் இல்லை. நம்மள்ல நிறைய பேர் வயித்துக்குள்ள இருக்கிற தையலோட சரித்திரம். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். நர்ஸம்மாகிட்டயும், முகாமுக்கு வந்த லேடி டாக்டர்கிட்டயும் கேட்டு, எட்டாவது படிக்கிற என் மகளை போன்ல தேடி வாசிக்கச் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன்.

இதைத் தேட வெச்சது ஒரு கடன் மனு. போன வருஷம் ஆடி மாசக் கூட்டத்துல, எங்க குழுவுல இருக்கிற ஒரு பொண்ணு 70,000 ரூபாய் கேட்டா. அவளுக்கு அப்போ ஆறாவது மாசம். முதல் குழந்தை சிசேரியன். யாரோ ஒருத்தங்க அவகிட்ட, "உனக்கு ஒரு அடுக்குத் தையல்தான் போட்டிருப்பாங்க. இந்தத் தடவை அது பிரிஞ்சிடும். ரெண்டு அடுக்கு போடுற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு சொல்லிட்டாங்க. "ராத்திரியில தூக்கமே வரல அக்கா"ன்னு அழுதா. கூட்டத்துல யாருக்கும் பதில் தெரியல. ரெண்டு சிசேரியன் ஆன எனக்கும் தெரியல.

அம்பத்தூர் எஸ்டேட்டுல எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போறவங்க எங்க குழுவுல நாலு பேர் இருக்காங்க. "ஒத்தைத் தையல் பிரியும், ரெட்டைத் தையல் நிக்கும், இது தெரியாதா"ன்னு அவங்க சொன்னாங்க. துணிக்கு அது சரிதான். கர்ப்பப்பைக்கும் சரியான்னுதான் உலகமே 30 வருஷமா கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.

முதல்ல ஒரு ஆச்சரியம் சொல்றேன். ஒரு காலத்துல கர்ப்பப்பைக்குத் தையலே போடலையாம். குழந்தையை வெளியே எடுத்துட்டு, கர்ப்பப்பை தானே சுருங்கி மூடிக்கும்னு அப்படியே விட்டுட்டு, வெளி வயித்தை மட்டும் தைச்சிருக்காங்க. உள்ளே நூல் போட்டா சீழ் பிடிக்கும்னு பயம். அதனால ரத்தம் போயும், சீழ் வெச்சும் பெரும்பாலான தாய்மார் செத்துப் போனாங்க. 1876ல இத்தாலியில பாவியாங்கற ஊர்ல எட்வர்டோ போரோன்னு ஒரு டாக்டர், ஜூலியா காவல்லினிங்கற 25 வயசுப் பொண்ணுக்கு ஆபரேஷன் செஞ்சார். குழந்தையை எடுத்ததும் கர்ப்பப்பையையும் சேர்த்து வெட்டி எடுத்துட்டார். தாயும் பிழைச்சா, பெண் குழந்தையும் பிழைச்சது. அந்தக் காலத்துல அது பெரிய அதிசயம். ஆனா உயிர் வேணும்னா கர்ப்பப்பையை விட்டுக்கொடுக்கணும்.

ஆறு வருஷம் கழிச்சு, 1882ல, ஜெர்மனியில லைப்சிக் ஊர்ல மாக்ஸ் சேங்கர்னு முப்பது வயசு கூட ஆகாத டாக்டர், கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம், ஒழுங்காத் தைச்சா போதும்னு எழுதினார். வெள்ளிக் கம்பியால ஆழமா ஒரு வரிசை, பட்டு நூலால மேலே ஒரு வரிசை. ஆக, ரெண்டு அடுக்குத் தையல் நேத்து வந்த புதுசு இல்லை. அதுக்கு 140 வருஷத்துக்கு மேல வயசாகுது. அதுக்கு அப்புறம்தான் சிசேரியன் ஆன தாய் பிழைச்சு, மறுபடியும் பிள்ளை பெத்துக்க வழி வந்தது.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில பிரசவம் சிக்கலானா எழும்பூருக்கு எழுதிக் கொடுப்பாங்களே, அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி 1844ல ஆரம்பிச்சது. சேங்கர் தையல் போடுறதுக்கு முன்னாடியே நம்ம பொம்பளைங்க அங்கே போயிருக்காங்க. அங்கே வேலை பார்த்த டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் 1938ல பிரசவ வைத்தியத்துக்கு ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதைப் படிச்சு இந்தியா முழுக்க எத்தனையோ தலைமுறை டாக்டருங்க வந்திருக்காங்க. நம்ம பாட்டிமார் பிரசவம் பார்த்தவங்களும் அந்தப் புத்தகத்தைப் படிச்சவங்களாத்தான் இருப்பாங்க.

அடுத்த மாற்றம், எந்த இடத்துல வெட்டுறதுங்கறது. பழைய காலத்துல கர்ப்பப்பையோட மேல் பாகத்துல நெடுக்க வெட்டினாங்க. வலி வரும்போது இறுக்கிச் சுருங்கற பாகம் அதுதான். அங்கே இருக்கிற தழும்பு அடுத்த பிரசவத்துல பிரிய வாய்ப்பு அதிகம். ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ ஊர் மன்ரோ கெர் என்கிற டாக்டர், கீழ்ப் பாகத்துல குறுக்க வெட்டணும்னு சொல்லிச் சொல்லி அதை வழக்கமாக்கினார். கீழ்ப் பாகம் மெல்லிசு, வலியில அவ்வளவா இறுகாது, தழும்பு நல்லா நிக்கும். இன்னிக்கு நமக்கெல்லாம் பெரும்பாலும் இந்த வெட்டுத்தான். ஆஸ்பத்திரிக் காகிதத்துல "எல்.எஸ்.சி.எஸ்."னு நாலு எழுத்து இருக்கே, கீழ்ப் பாகத்துல வெட்டி எடுத்தாங்கன்னு அதுக்கு அர்த்தம்.

இனி நம்ம சண்டைக்கு வருவோம். ரொம்ப காலம் ரெண்டு அடுக்குத்தான் வழக்கம். 1990கள்ல, ஒரு அடுக்கே போதும், நேரமும் நூலும் மிச்சம், நூல் அதிகமானா சதைக்கு ரத்த ஓட்டம் குறையும்னு ஒரு சாரார் சொன்னாங்க. ஜெருசலேம்ல மைக்கேல் ஸ்டார்க் என்கிற டாக்டர் கொண்டு வந்த முறையிலயும் ஒரு அடுக்குத்தான். அது பல நாட்டுக்கும் பரவுச்சு.

2002ல கனடாவுல மான்ட்ரியல் ஊர்ல இருந்து ஒரு அதிர்ச்சி. முன்னாடி சிசேரியன் ஆகி, அடுத்தது நார்மலுக்கு முயற்சி பண்ணினவங்க கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. ஒரு அடுக்கு போட்ட 489 பேர்ல நூத்துக்கு 3 பேருக்குத் தழும்பு பிரிஞ்சிருந்தது. ரெண்டு அடுக்கு போட்ட 1,491 பேர்ல இருநூறுக்கு 1தான். நம்ம பொண்ணை அழ வெச்ச பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கணும். ஆனா அது பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்த கணக்கு. யாருக்கு எந்தத் தையல்னு டாக்டருங்க அப்போ தங்கள் இஷ்டப்படி போட்டது.

சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி, ஆள் பார்க்காம பிரிச்சுப் பார்த்தாத்தான் உண்மை தெரியும். அதையும் செஞ்சாங்க. அந்த ஆராய்ச்சிக்குப் பேர் கொரோனிஸ். அர்ஜென்டினா, சிலி, கானா, கென்யா, சூடான், பாகிஸ்தான், கூடவே நம்ம இந்தியா, ஏழு நாடு. மொத்தம் 15,935 பெண்கள். ஆபரேஷன்ல அஞ்சு விஷயத்தை ஒப்பிட்டாங்க. ஒரு அடுக்கா ரெண்டு அடுக்கா என்பது அதுல ஒண்ணு. 2013ல முடிவு வந்தது. ஆறு வாரத்துக்குள்ள சாவு, சீழ், மறு ஆபரேஷன், ரத்தம் ஏத்துறது எல்லாத்தையும் பார்த்ததுல பெரிய வித்தியாசம் இல்லை. அதோட விடலை. வருஷங்கள் கழிச்சு 13,153 பேரைத் திரும்பத் தேடிப் பிடிச்சு, அடுத்த பிரசவம் எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. 2016ல வந்த அந்தப் பதில்லயும் வித்தியாசம் தெரியல. தழும்பு பிரியறது ரொம்ப அபூர்வம், அதனால அந்த ஒரு விஷயத்துல மட்டும் கடைசித் தீர்ப்பு சொல்ல இத்தனை பேர் கூடப் போதாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு அடுக்கு போட்டா நிச்சயம் பிரியும்னு சொல்றது மட்டும் பொய்.

நர்ஸம்மா சொன்ன இன்னொரு விஷயம்தான் என் மனசுல பதிஞ்சது. "அந்த நூல் இப்போ அவ வயித்துல இருக்கும்னா நினைக்கிறீங்க? ரெண்டு மூணு மாசத்துல கரைஞ்சு போயிடும்மா. இப்போ தாங்கி நிக்கிறது அவளோட சொந்தச் சதை"ன்னாங்க. துணியில நூல்தான் கடைசி வரைக்கும் பிடிக்கும். உடம்புல நூல் வெறும் முட்டுக் கொடுக்கிற கம்பு. செவுரு காய்ஞ்சதும் கம்புக்கு வேலை இல்லை.

அப்போ நாம எதைக் கவனிக்கணும்? முதல்ல, வெட்டு எந்த இடத்துல. வெளித் தழும்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வெளியே குறுக்கே இருந்தாலும் உள்ளே நெடுக்க இருக்கலாம். அடுத்து, இடைவெளி. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவுல ஒன்றரை வருஷம் கூட இல்லைன்னா பிரியற வாய்ப்பு கூடுது. அப்புறம், சிசேரியன் ஆனவங்க அடுத்த பிரசவத்தை ஆபரேஷன் வசதி இருக்கிற இடத்துலதான் பார்க்கணும். வலி வந்ததும் வீட்டுல காத்திருக்காம 108க்குப் போன் பண்ணணும்.

வெட்டு எங்கேன்னு சொல்றது அந்த டிஸ்சார்ஜ் காகிதம். இங்கே என் கதையும் சொல்லணும். 2012ல என் முதல் பிரசவக் காகிதத்தை அலமாரியில புடவைக்கு அடியில வெச்சிருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்து எல்லாம் கூழாயிடுச்சு. 2017ல ரெண்டாவது பிரசவத்துக்குப் போனப்போ, "உள்ளே எப்படி வெட்டினாங்க"ன்னு டாக்டர் கேட்டாங்க. தெரியாதுன்னு தலை குனிஞ்சு நின்னேன். நகையை மேல் பரண்ல ஏத்தின எனக்கு, காகிதத்தை ஏத்தத் தோணல.

எங்க குழுப் பொண்ணோட காகிதம் அவ அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில இருந்தது. எல்.எஸ்.சி.எஸ்.னு தெளிவா எழுதியிருந்தது. அதை எடுத்துக்கிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் படிச்சுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, தேதி குறிச்சுக் கொடுத்தாங்க. ஐப்பசியில பெண் குழந்தை பிறந்தது. ரெண்டு பேரும் சுகம். 70,000 ரூபாய் மனுவை அதுக்கு முன்னாடியே அவளே திரும்ப வாங்கிக்கிட்டா.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல, தமிழ்நாட்டுல நூத்துக்கு 44.9 பிரசவம் சிசேரியன். இந்தியா முழுசுக்கும் 21.5தான். அப்படின்னா நம்ம ஒவ்வொரு குழுவுலயும் இந்தத் தழும்பு இருக்கு. எங்க குழுவுல தீர்மானம் போட்டு, எல்லாருக்கும் தண்ணி புகாத ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுத்தோம். பிரசவக் காகிதத்தை அதுல போட்டு, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தோட சேர்த்து வெச்சிருக்கோம். போன்லயும் ஒரு போட்டோ. உறை ஒண்ணு 15 ரூபாய்தான்.

எல்லாக் குழுவுலயும் இதைச் செய்யணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி, குழு உறுப்பினர்,
பூந்தமல்லி ஒன்றியம்.