பிக்கப் முதல் பேக்கப் வரை: சென்னைப் பேச்சும் ஆங்கிலக் கூட்டுவினைகளும்

1. பொருளும் கருத்தும்

பிக், கெட், புட் போன்ற எளிய வினையோடு அப், ஆஃப், அவுட் என ஒரு சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தந்தால் ஆங்கிலத்தில் அது ‘ஃப்ரேசல் வெர்ப்’. அயலாருக்கு இது பெருந்தொல்லை என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே குறித்திருக்கிறார். பெயர் பிந்தியது, 1925-இல் வந்த லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூல் வழியே பரவியது. பயிற்சி நூல்கள் பெரும்பாலும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தில் பேசப் பழகுவோருக்குச் சிக்கல் பொருளில் இல்லை, சொல்வரிசையில்தான் இருக்கிறது.

2. ஏற்கெனவே குடியேறியவை

கோடம்பாக்கத்தில் படப்பிடிப்பு முடிந்தால் ‘பேக்கப்’. நடிகரின் முகம் வியர்த்தால் ‘டச்சப்’, வேடம் மாறினால் புது ‘கெட்டப்’. காவல் நிலையத்தில் ‘லாக்கப்’, கல்லூரி வாசலில் ‘பிரேக்கப்’, கால் டாக்ஸி ஓட்டுநரிடம் ‘பிக்கப்’. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் இவை சரளம். சில வழிமாறியும் போயின: நம் ‘பில்டப்’ வெறும் பீற்றல், ‘செட்டப்’ என்றாலே ஏதோ கோல்மால்.

இவை எல்லாமே பெயர்ச்சொற்களாகத்தான் தமிழில் நிற்கின்றன. வினையாக்க நாம் பண்ணு, கொடு, ஆகு என்று ஒன்றை ஒட்டுகிறோம்: பிக்கப் பண்ணு, பில்டப் கொடுக்கிறான், பிரேக்கப் ஆயிடுச்சு. ஆங்கிலத்தில் இரண்டாக இருந்த சொல் நம்மிடம் ஒரே கட்டியாக இறுகிவிட்டது.

‘பாஸ் அவுட்’ தனிக்கதை. வேலை விண்ணப்பத்தில் ‘2019 பாஸ்டு அவுட்’ என்று எழுதுவதைப் பார்த்தால், மயங்கி விழுந்தார் போலும் என்று வெளிநாட்டார் நினைக்கக்கூடும். ஆனால் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் பயிற்சி முடிக்கும் அணிவகுப்புக்கே ‘பாஸிங் அவுட் பரேடு’ என்றுதான் பெயர். இதைப் பிழை என்று அடித்துத் திருத்துவது வீண்வேலை.

3. பிரிவதும் பிரியாததும்

நான்கு மணிக்குப் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும். தமிழ் தெரியாத ஓட்டுநரிடம் தாத்தா சொல்கிறார்: ‘பிக் அப் ஹெர்.’ பொருள் புரிந்துவிடும், ஆங்கிலம் அதுவல்ல. ‘பிக் ஹெர் அப்’ என்பதே முறை. குழந்தையைப் பெயரிட்டுச் சொன்னால் அந்தப் பெயர் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ஹிம், ஹெர், இட் போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில் மட்டுமே.

தாத்தாவின் நாக்கு ஏன் மறுக்கிறது? சிறு சொல் சேர்ந்து வினையின் சாயல் மாறுவது நமக்குப் புதிதல்ல. சொல்லு, சொல்லிவை, சொல்லித்தொலை: மூன்றும் மூன்று தொனி. ‘வந்தேவிட்டான்’ என்பதுபோல் இடையில் ஓர் ஏகாரம்கூட நுழையும். செயப்படுபொருள் மட்டும் நுழையாது. ‘சொல்லி அவனை வை’ என்று யாரும் பேசுவதில்லை. போதாக்குறைக்கு ‘பிக்கப்’ வேறு கட்டியாக வாயில் நிற்கிறது.

பிரிக்கப் பழகியபின் எதிர்ப்பிழை வரும். மயிலாப்பூர் வீடொன்றில் மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண், அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் வீடியோ அழைப்பில் பேசுகிறார். அவர் சொல்ல வேண்டியது ‘ஐ வில் லுக் ஆஃப்டர் ஹெர்.’ புதிதாகக் கற்ற விதியை நம்பி ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ என்றால் கெட்டது. ஆஃப்டர், ஃபார், அட் போன்றவை பொதுவாகப் பிரிய விடா. அப், அவுட், அவே போன்றவை பெரும்பாலும் விடும். ‘ஆஃப்’ இரண்டு பக்கமும் ஆடும்: விளக்கை அணைக்க ‘டர்ன் இட் ஆஃப்’, பேருந்திலிருந்து இறங்க ‘கெட் ஆஃப் த பஸ்’.

4. பள்ளிக்கூடம் தந்ததும் தராததும்

புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன் என்று தேர்வுக்கு எழுதப் பள்ளியில் பழகுகிறோம். அலுவலகத்தில் வாய் திறந்தால் ‘போஸ்ட்போன்’ மட்டுமே வருகிறது. ஏட்டு ஆங்கிலம் முந்திக்கொள்கிறது. வாய்வழியே பழக்கும் முயற்சியும் இங்கே நடந்ததுண்டு: 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க மறுபயிற்சி தர ஓர் இயக்கம் நடந்தது. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவது அதன் வழி. கிளிப்பிள்ளைப் பாடம் என்று பின்னாளில் அந்த முறை பழித்து ஒதுக்கப்பட்டது. சொல்வரிசை என்ற இந்த ஓரிடத்துக்கு அதுவே ஏற்ற மருந்து என்பேன்.

5. பயிற்சி வரிசை

புதுச்சொல் எதுவும் தேட வேண்டாம். தெரிந்த கட்டியை உடைத்தால் போதும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பிவிட்டதா? ‘சுவிட்ச் இட் ஆஃப்.’ துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டுமா? ‘ட்ரை இட் ஆன்.’ ‘டிராப் மீ அட் லஸ்’ என்பது அப்படியே சரி. ‘ஆஃப்’ சேர்த்தாலும் சரி, திருத்தத் தேவையில்லை. ‘புட் அப் வித்’ போன்ற மூன்று சொல் வினைகளைக் கடைசிக்கு வைக்கலாம். அவற்றில் சுட்டுப்பெயர் இறுதியில்தான் வரும். நம் நாக்குக்கு அதில் சிரமமே இல்லை.