முன்ஜாமீன்

முன்ஜாமீன் அல்லது முன்பிணை: பிணையில் விட முடியாத குற்றத்துக்காகத் தன்னைக் கைது செய்யக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ளவர், கைதாகும் முன்பே அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ பெறும் ஆணை. இந்தியாவில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438ஆம் பிரிவாகச் சேர்க்கப்பட்டு 1.4.1974இல் நடைமுறைக்கு வந்தது. 1.7.2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆம் பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது. ஆணை பெற்றவரைத் தொடவே கூடாது என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. கைது செய்தால் அப்போதே பிணையில் விட வேண்டும் என்கிறது, அவ்வளவே. வழக்கறிஞர்கள் பேச்சில் இது ‘ஏ.பி.’.

தோற்றம்

ஆங்கிலேயர் காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861, 1872, 1882, 1898 எனப் பலமுறை எழுதப்பட்டது. எதிலும் கைதுக்கு முன் பிணை என்ற ஏற்பாடு வெளிப்படையாக இல்லை. ஆனால் 1898 சட்டத்தின் 498ஆம் பிரிவு, உயர் நீதிமன்றமும் அமர்வு நீதிமன்றமும் ‘எந்த வழக்கிலும்’ எவரையும் பிணையில் விட ஆணையிடலாம் என்றது. இதற்குள் கைதாகாதவரும் அடங்குவாரா என்பதில் உயர் நீதிமன்றங்கள் பிரிந்து நின்றன.

பிரிவினைக்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு எல்லையின் இரு பக்கமும் இரண்டு விடைகள் கிடைத்தன. லாகூர் உயர் நீதிமன்றம் ஹிதாயத்துல்லா கான் வழக்கில், அதிகாரம் உண்டு என்றது. அப்போது சிம்லாவில் இயங்கிய கிழக்குப் பஞ்சாப் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அமீர் சந்த் வழக்கில் நேர்மாறாகச் சொன்னது: காவலில் இருப்பவரைத்தான் பிணையில் விட முடியும், வெளியே இருப்பவரை எதிலிருந்து விடுவிப்பது? நேற்றுவரை ஒரே மாகாணமாக இருந்த இடத்தில், ஒரே சட்டத்தின் ஒரே வரிக்கு இப்படி இரு பொருள் வந்தது. பாகிஸ்தானில் 1898 சட்டமே இன்றும் நடப்பதால், அங்கே கைதுக்கு முந்தைய பிணை இதே 498ஆம் பிரிவின்கீழ் கிடைக்கிறது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1983இல் முராத் கான் வழக்கில் அதை உறுதிசெய்தது. இந்தியாவிலோ அமீர் சந்த் தீர்ப்பின் போக்கே மேலோங்கியது. பொய்ப் புகாரில் சிக்கியவரும் முதலில் கம்பி எண்ணிவிட்டுத்தான் மனுப்போட வேண்டியிருந்தது.

இதை மாற்றச் சொன்னது ஐந்தாவது சட்ட ஆணையம், 1969 செப்டம்பரில் அளித்த 41ஆவது அறிக்கையில். ஆணையத்தின் தலைவர் கே.வி.கே. சுந்தரம், ஐ.சி.எஸ். அதிகாரி, இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். ஆணையம் இரண்டு காரணங்களைச் சொன்னது. செல்வாக்குள்ளவர்கள் தம் எதிரிகளைப் பொய் வழக்கில் மாட்டிவிட்டு மானத்தை வாங்கவோ சில நாள் சிறையில் வைக்கவோ பார்க்கிறார்கள், அரசியல் போட்டி முற்ற முற்ற இது பெருகிவருகிறது என்பது முதலாவது. ஓடி ஒளிய மாட்டார் என்று தெரிந்த ஒருவரை, உள்ளே போய்ச் சில நாள் இருந்துவிட்டு அப்புறம் பிணை கேள் என்பதில் அர்த்தமில்லை என்பது இரண்டாவது. தேர்தலை ஒன்பது ஆண்டுகள் நடத்திய ஒருவரின் ஆணையம் அரசியல் பகையை முதல் காரணமாக வைத்ததில் வியப்பில்லை.

1970இல் வந்த மசோதாவில் இந்தப் பரிந்துரை இடம்பெற்றது. பி.பி. கஜேந்திரகட்கர் தலைமையிலான அடுத்த ஆணையம் 1972இல் தன் 48ஆவது அறிக்கையில் இதை வரவேற்றது. அரசு வழக்கறிஞருக்கு அறிவிப்பு தந்த பிறகே இறுதி ஆணை இட வேண்டும், இடைக்கால ஆணைக்குக் காரணம் எழுத வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. நாடாளுமன்றம் இந்தக் கடிவாளங்களைச் சட்டத்தில் எழுதவில்லை.

பிரிவு வந்த அடுத்த ஆண்டே நெருக்கடிநிலை வந்தது. உத்தரப் பிரதேசம் 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் இந்தப் பிரிவைத் தன் மாநிலத்தில் அடியோடு நீக்கிவிட்டது. நெருக்கடிநிலை போனபின்பும் அது திரும்பி வரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மாநிலத்தார் கைதுக்குத் தடை கேட்டு, ரிட் மனுவோடு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வாசலில் நின்றார்கள். 2019இல்தான் முன்ஜாமீன் அங்கே மீண்டது.

சிப்பியா தீர்ப்பு

அரசியல் பகைக்கு ஆளாகிறவரைக் காக்க வந்த பிரிவு தன் முதல் பெரிய சோதனையைச் சந்தித்ததும் ஓர் அரசியல்வாதியின் வழக்கில்தான். பஞ்சாபில் காங்கிரஸ் ஆட்சியில் பாசனம், மின்சாரத் துறைகளின் அமைச்சராக இருந்த குர்பக்ஷ் சிங் சிப்பியா மீது ஊழல் புகார் எழுந்தது. முன்ஜாமீன் கேட்டுப் போனார். பஞ்சாப் ஹரியாணா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1977இல் எட்டு நெறிகளை வகுத்து அவர் மனுவைத் தள்ளியது. இது அபூர்வமான அதிகாரம், அரிதாகவே பயன்படுத்த வேண்டும். ஆயுள் தண்டனைக் குற்றத்துக்குக் கூடாது. போலீஸ் காவல் தேவைப்படும் வழக்கில் கூடாது. உயர்மட்ட ஊழலில் கூடாது. புகார் தீய நோக்கம் கொண்டது என்று காட்ட வேண்டும் என அந்த நெறிகள் நீண்டன.

9.4.1980இல் ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு இவற்றில் பெரும்பாலானவற்றைக் கழித்துக் கட்டியது. நாடாளுமன்றம் எழுதாத தடைகளை நீதிமன்றம் எழுதக் கூடாது என்பது அதன் அடிப்படை. எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்க வேண்டியதில்லை. ஆனால் ‘பிடித்துவிடுவார்களோ’ என்ற வெறும் பயமும் போதாது. நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும், அதை நீதிமன்றம் எடைபோட முடிய வேண்டும். எந்தக் குற்றமானாலும் எப்போதும் பொருந்தும்படி ஒட்டுமொத்த ஆணை கேட்கவும் முடியாது. கைதான பிறகு முன்ஜாமீனுக்கு இடமில்லை, வழக்கமான ஜாமீன்தான். இன்று எந்தக் கீழமை நீதிமன்றத்திலும் முன்ஜாமீன் வாதம் இந்தத் தீர்ப்பில்தான் தொடங்குகிறது.

ஆணை எத்தனை நாளுக்குச் செல்லும் என்ற பூசல் மட்டும் பின்னரும் தொடர்ந்தது. சலாவுதீன் வழக்கில் மூன்று நீதிபதிகள் குறுகிய காலத்துக்கே தர வேண்டும் என்றனர். அதன் பின் பல ஆண்டுகள், முன்ஜாமீன் பெற்றவர் சில வாரங்களில் மறுபடி ஜாமீன் மனுவோடு வந்து நிற்க வேண்டியிருந்தது. 2010 டிசம்பரில் மேத்ரே வழக்கில் இரண்டு நீதிபதிகள், சிப்பியாவைச் சுட்டி அதை மறுத்தனர். 29.1.2020இல் சுசீலா அகர்வால் வழக்கில் ஐவர் அமர்வு முடித்துவைத்தது: தனிக் காரணம் இருந்தாலன்றிக் கால வரம்பு வேண்டாம், விசாரணை முடியும்வரை ஆணை நிற்கலாம்.

2005இல் நாடாளுமன்றம் வேறொரு வழியில் பிடியை இறுக்கப் பார்த்தது. அரசு வழக்கறிஞர் கேட்டு நீதிமன்றமும் தேவை என்று கருதினால், இறுதி விசாரணையில் மனுதாரர் நேரில் இருக்க வேண்டும் என்று திருத்தம் செய்தது. மனு தள்ளுபடியானால் நீதிமன்ற வளாகத்திலேயே கைது என்று ஆகிவிடும் என வழக்கறிஞர்கள் எதிர்த்தனர். அந்தத் திருத்தம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. தேவகோட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தலைமையிலான சட்ட ஆணையம் 2007இல் தன் 203ஆவது அறிக்கையில், நேரில் நிற்கும் விதியை நீக்கிவிடச் சொன்னது.

மனுதாரர் கேட்பவை

தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, ‘சி.எஸ்.ஆர். (புகார் ஏற்புச் சீட்டு) மட்டும்தான் போட்டிருக்கிறார்கள், இப்போதே மனுப்போடலாமா?’ என்பது. சட்டப்படி போடலாம். ஆனால் ‘இன்னும் வழக்கே பதிவாகவில்லை’ என்று அரசுத் தரப்பு சொன்னால், அதைப் பதிவுசெய்துகொண்டு நீதிமன்றம் மனுவை முடித்துவைப்பதும் உண்டு. வழக்கு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள நிலையத்துக்குத் தூது அனுப்ப வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டிருக்கிறது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவை மட்டும் விதிவிலக்கு.

எஃப்.ஐ.ஆரில் உள்ள பிரிவுகள் பிணையில் விடக்கூடியவை என்றால் முன்ஜாமீனே வேண்டாம், ஸ்டேஷன் ஜாமீன் போதும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றமானால், முதலில் ஆஜராகும்படி நோட்டீஸ் தர வேண்டும், தேவையின்றிக் கைது செய்யக் கூடாது என்பது 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பு. வரதட்சணைப் புகார் ஒன்றில் பிறந்த தீர்ப்பு அது. நோட்டீஸுக்குப் போய் ஒத்துழைக்கிறவரை, எழுத்தில் காரணம் இல்லாமல் கைது செய்ய முடியாது.

மனு நிலுவையில் இருப்பதாலேயே போலீஸ் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இடைக்காலப் பாதுகாப்பு ஆணை தனியாகக் கிடைத்திருந்தால்தான் தடை. ‘ஏ.பி. போட்டாச்சு’ என்று வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் விடியற்காலையில் கைதான கதை எல்லா ஊரிலும் உண்டு. எங்கே மனுப்போடுவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. சட்டம் அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் ஒரே அதிகாரத்தைத் தருகிறது; முதலில் அமர்வு நீதிமன்றத்துக்குப் போவதே முறை. வழக்கு வேறு மாநிலத்தில் இருந்தால், தான் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில் சில நாளுக்கு மட்டும் பாதுகாப்பு கேட்கலாம் என்று 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகும் முன்ஜாமீன் கேட்க இடமுண்டு. தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவருக்குத்தான் பொதுவாகக் கிடைக்காது.

அடிதடி வழக்குகளில் நீதிபதி அநேகமாகத் தவறாமல் கேட்பது, காயம்பட்டவர் மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா என்பது. முன்வழக்கு உண்டா, எதிர்த்தரப்பின் மீதும் வழக்கு இருக்கிறதா என்பவை அடுத்து வரும். காயம்பட்டவர் இன்னும் தீவிர சிகிச்சையில் இருக்கும்போது மனுவை அவசரப்படுத்துவது கெடுதலாகவே முடியும்.

ஆணை கையில் கிடைத்ததும் வேலை முடிவதில்லை. சென்னை உயர் நீதிமன்ற ஆணைகளில் வழக்கமாக இருப்பது இது: குறிப்பிட்ட நாட்களுக்குள், பெரும்பாலும் பதினைந்து நாள், சம்பந்தப்பட்ட நீதித்துறை நடுவர் முன் ஆஜராகிச் சொந்தப் பத்திரமும் இரண்டு ஜாமீன்தாரர்களும் தர வேண்டும். ஜாமீன்தாரர் புகைப்படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகலை நடுவர் கேட்கலாம். அதன்பின் தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கண்டிஷன் கையெழுத்து. சொன்ன நாட்களுக்குள் நடுவர் முன் போகாதவருக்கு ஆணை வெறும் தாள். கையெழுத்தைத் தவறவிட்டால், ஆணையை ரத்துசெய்யச் சொல்லி அரசுத் தரப்பு மனுப்போட அதுவே போதும்.

நிலையத்தில் போடும் அந்தக் கையெழுத்து வருகைக்கானது மட்டுமே. விசாரணையில் சொன்னதை எழுதிவைத்து அதில் கையொப்பம் கேட்டால், போட வேண்டியதில்லை. போலீசாரிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்திடக் கூடாது என்பது ஆங்கிலேயர் காலச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. விசாரணைக்கு வரச் சொன்னால் போகத்தான் வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயமில்லை என்ற அரசியலமைப்பின் 20(3) பாதுகாப்பும் கூடவே வரும். ஆணையில் நிபந்தனை இருந்தால், வெளிநாடு செல்ல நீதிமன்ற அனுமதி வேண்டும்.

விலக்குகள்

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் 18ஆம் பிரிவு முன்ஜாமீனை மறுக்கிறது. பாதிக்கப்பட்டவர் அதே ஊரில், அதே ஆதிக்கத்தின் கீழ் வாழ வேண்டியிருப்பதால் இந்த விலக்கு இன்றியமையாதது. உச்ச நீதிமன்றம் 1995இல் இதை ஏற்றது. 20.3.2018இல் இரண்டு நீதிபதிகள் இதைத் தளர்த்தியதும் நாடெங்கும் போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது, 2020இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. புகாரின் முதல் பார்வையிலேயே குற்றம் தெரியாவிட்டால் மட்டும் விலக்கு தடையாகாது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்திலும் முன்ஜாமீன் இல்லை. சிறுமியர் மீதான வன்புணர்வுக் குற்றங்கள் 2018இல் விலக்கில் சேர்ந்தன.

பொருளாதாரக் குற்றங்களில் சட்டப்படி முழுத் தடை இல்லை, ஆனால் கிடைப்பது அரிது. ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கில் முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் 20.8.2019இல் தள்ள, மறுநாள் இரவு சி.பி.ஐ. அவரைக் கைது செய்தது. அமலாக்கத் துறை வழக்கில் 5.9.2019இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. தீர்ப்பளித்த அமர்வின் மூத்த நீதிபதி, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர். பானுமதி.

தற்போதைய நிலை

இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் முன்பிணைக்கு வழி செய்கிறது. அங்கே மனு நீதவானிடமே செல்கிறது. இந்தியாவில் 482ஆம் பிரிவு ஏறத்தாழ 1973ஆம் ஆண்டின் வாசகத்துக்கே திரும்பியிருக்கிறது. கூட்டு வன்புணர்வுக்கான விலக்கு மட்டும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வரை விரிந்துள்ளது. சரக்கு சேவை வரி, சுங்க வழக்குகளிலும் எஃப்.ஐ.ஆர். இல்லாமலே முன்ஜாமீன் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 27.2.2025இல் தீர்ப்பளித்தது.