தைரொயிட்: பெயர் வந்த வழி

பொல்பிட்டியப் பக்கம் "அக்காவுக்குத் தைரொயிட் இருக்காம்" என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும். தைரொயிட் யாருக்குத்தான் இல்லை? சுகர், பிரஷர் வரிசையில் உறுப்பின் பெயரே நோயின் பெயராகிவிட்டது.

பக்கத்துச் சிங்கள வீட்டில் கழுத்துக் கழலையைக் 'கலகண்டய' என்பார்கள். சமஸ்கிருதக் 'கல' கழுத்து, 'கண்ட' வீக்கம். நம் வைத்தியர்கள் சொன்ன கண்டமாலையிலும் இருப்பது அந்த வீக்கம்தான். வடமொழியில் வீக்கத்துக்கு ஒரு சொல், கழுத்துக்கு இன்னொரு சொல். தமிழெழுத்தில் இரண்டும் 'கண்டம்' என்றே வருவதால் அதைக் 'கழுத்து மாலை' என்று படிப்பதும் உண்டு. பாதகமில்லை, கட்டி வருவதும் கழுத்தில்தானே.

தைரொயிட் கிரேக்கச் சொல். 'துரா' என்றால் கதவு, 'துரெயோஸ்' கதவுபோல் நீண்ட கேடயம். தொண்டையின் முன்புறக் குருத்தெலும்புக்கு ஏற்கெனவே கேடயப் பெயர் இருந்தது. 1656இல் இலண்டன் மருத்துவர் தோமஸ் வார்ட்டன் அதை ஒட்டியிருந்த சுரப்பிக்கும் அதையே சூட்டினார். சுரப்பியின் உண்மையான வேலை அவருக்குத் தெரியாது. கழுத்தை, அதிலும் பெண்களின் கழுத்தை, வழுவழுப்பாக உருட்டி அழகாக்குவதும் அதன் வேலை என்று எழுதிவைத்தார்!

அந்தச் சுரப்பிக்கு வேண்டிய அயடீனை அடைமழை மண்ணிலிருந்து கழுவிக்கொண்டுபோகும். வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். இலங்கையின் ஈரவலயத்தில் கழலை மலிந்திருந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். 1995 முதல் உப்பில் அயடீன் கட்டாயம். கழலை குறைந்தது. தைரொயிட் புற்றுநோயோ இன்று இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் நிற்கிறது.

கழுத்துக் கட்டியில் ஊசி குத்திக் கலங்களை எடுத்துப் பார்க்கும்போது, சிலருக்குப் புற்றா இல்லையா என்றே சொல்லமுடியாத முடிவு வரும். அதை அறிவதற்கென்றே பாதிச் சுரப்பியை வெட்டியெடுக்க நேரும். இந்தச் சிக்கலில்தான், கலங்களில் மரபணுக்களை அடக்கியாளும் சிறு துணுக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ.யின் பெயர் அடிபடுகிறது. 1993இல் அமெரிக்க விஞ்ஞானி விக்டர் அம்புரோஸின் குழு ஒரு சிறு புழுவில் முதலாவதைக் கண்டது. அந்த மரபணு கெட்டால் கலங்களின் வம்சவழி குழம்பும் என்பதால் 'லின்-4' என்று பெயர். அடுத்தது கெட்டால் புழுவே செத்துப்போகும், அதனால் 'லெட்-7'. ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள இந்தத் துணுக்குகளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பொதுப்பெயர் வந்தது 2001இல்தான். அதன்பிறகு ஆயிரக்கணக்கில் அகப்பட்டன. கதை சொல்லும் பெயர்களுக்கு இடமில்லை, 'மிர்' என்று தொடங்கிக் கண்ட வரிசையில் இலக்கம் போட்டார்கள்.

2005இல், பப்பிலரி வகைத் தைரொயிட் புற்றில் மிர்-146பி, மிர்-221, மிர்-222 மூன்றின் அளவும் ஏறியிருப்பதாக அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 'பி' என்பது, 146ஏ.யோடு ஓரிரு எழுத்தே வேறுபடும் உடன்பிறப்பு என்பதற்கான குறி. ஆனால் 221உம் 222உம் மூளை, ஈரல் புற்றுகளிலும் ஏறும். எனவே தைரொயிட் புற்றின் 'அடையாளம்' என்று இவற்றைத் தனித்தனியே அழைப்பது எனக்குச் சற்றுக் கூடுதலாகப் படுகிறது. பரிசோதனை செய்வோரும் ஒரே ஊசி மாதிரியில் பல இலக்கங்களைச் சேர்த்தளந்து, மரபணு மாற்றங்களோடு ஒப்பிட்டே முடிவு சொல்கிறார்கள். அதுவும் ஊசி முடிவு குழப்பியவர்களுக்குத்தான். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டவருக்கு முதலில் வேண்டியது ஸ்கானும் அந்த ஊசியும்.